அம்மா கையெழுத்து வைத்தது ஈடா, அறுதியா?

கல்லடியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"ஐயா, நானும் இரண்டு பிள்ளைகளும் ஐந்து வருடமாகக் கல்லடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் கட்டாரில். வீட்டுக்காரரின் மகளுக்குக் கலியாணம் பொருந்திவிட்டதாம். இது அவளுடைய சீதன வீடு, மாதக் கடைசியில் எழும்புங்கள், இல்லாவிட்டால் கரண்டை வெட்டுவேன் என்கிறார். நாங்கள் கொடுத்த இரண்டு இலட்சம் அட்வான்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. சரி, சொந்தமாகவே ஒன்று வாங்குவோம் என்று கல்முனைப் பக்கம் பத்து பேர்ச் வளவும் வீடும் பார்த்தோம். நாற்பது இலட்சம். பெர்மிட் காணி, அட்டோர்னி எழுதித் தருகிறேன் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? இன்னொன்று. களுவாஞ்சிக்குடிப் பக்கம் அம்மா இருக்கும் வீட்டை 2021 இல் அப்பாவின் சத்திரசிகிச்சைக்காக ஒருவரிடம் வைத்து ஆறு இலட்சம் எடுத்தோம். அப்பா போய்விட்டார். இப்போது வீடு தன்னுடையது, விட்டுப் போகவேண்டும் என்று அவர் சட்டத்தரணி மூலம் கடிதம் போட்டிருக்கிறார். தேசவழமைப்படி அது எனக்கு வரவேண்டிய சீதன வீடு. அவரால் எடுக்க முடியுமா?"

அன்புள்ள தங்கச்சி,

வாடகை வீட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், வாங்கப் போகும் வீட்டைப் பற்றி ஒரு பக்கம். அம்மாவின் வீட்டைப் பற்றிக் கடைசியில் ஆறேழு வரிதான். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டும் ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது.

நீங்கள் சேர்த்து அனுப்பிய உறுதிப் பிரதியை வாசித்தேன். "வீட்டை வைத்து" எடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்முடைய ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நகையை வைப்பதுபோல வீட்டையும் வைத்தோம், காசைக் கட்டி மீட்போம் என்பதுதான் மனதில் இருக்கும். ஆனால் பிரதியின் முதல் பக்கத்தில், நடுவில், தடித்த எழுத்தில் இருப்பது "அறுதி விற்பனை உறுதி". ஈடு என்ற சொல் முதல் பக்கத்திலும் இல்லை, கடைசிப் பக்கத்திலும் இல்லை. ஆறு இலட்சம் ரூபாவை முழுவிலையாகப் பெற்றுக்கொண்டு வளவையும் வீட்டையும் கிணற்றையும் அறுதியாக விற்றதாகவே அம்மாவும் அப்பாவும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் நொத்தாரிசின் அத்தாட்சியில், உறுதி வாசித்து விளக்கப்பட்டது என்றும் இருக்கிறது. அம்மாவோ ஆஸ்பத்திரி அவசரத்தில் யாரும் எதையும் வாசிக்கவில்லை, காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தோம் என்கிறார். அம்மா சொல்வதை நான் நம்புகிறேன். இதே கதையைச் சொல்லிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தவர்கள் பலர்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஈடு என்றால் வீடு உங்களுடையது, கடன் மட்டும்தான் அவருக்கு. நீங்கள் கட்டாவிட்டால் அவர் 1949 ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு எடுத்து, ஏலத்தில் விற்றுத்தான் தன் காசை எடுக்கலாம். மிச்சம் உங்களுக்கு வரும். கட்டத் தவறினால் வீடு கடன் கொடுத்தவருக்கே சொந்தமாகும் என்று ஈட்டு உறுதியில் எழுதி வைத்தாலும் அந்த நிபந்தனை செல்லாது. இதெல்லாம் கடன் கொடுப்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் ஈடு எழுதாமல் அறுதி எழுதுகிறார்கள். அறுதி என்றால் கையெழுத்து வைத்த நாளிலேயே வீடு காகிதத்தில் கைமாறிவிடுகிறது.

அப்படியானால் எல்லாம் முடிந்ததா? இல்லை. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் 83 ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் காணியை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், சுற்றியுள்ள சூழ்நிலைகளைப் பார்த்தால் காணியின் பலனை விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகக் கொள்ள நியாயமில்லை என்றால், எழுதி வாங்கியவர் அதைப் பழைய உரிமையாளரின் நன்மைக்காகவே வைத்திருக்கிறார் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. என்ன சூழ்நிலைகளைப் பார்ப்பது என்பதை 1947 இல் எகியா லெப்பை எதிர் மஜீது வழக்கில் நம்முடைய உயர் நீதிமன்றம் எடுத்துக்காட்டியிருக்கிறது. எழுதிக் கொடுத்த பிறகும் அவரே வீட்டில் இருந்தாரா? உறுதிச் செலவு முழுவதையும் அவரே கொடுத்தாரா? உறுதியில் போட்ட விலை உண்மையான பெறுமதிக்குக் கிட்டவாவது வருகிறதா? இன்றைக்கும் நீதிமன்றங்கள் இவற்றைத்தான் முதலில் பார்க்கின்றன.

உங்கள் அம்மாவின் விடயத்தில் பாருங்கள். அவர் ஒரு நாளும் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. கரண்ட் பில்லும் பிரதேச சபை வரியும் இன்னும் அவர் பெயரில்தான் வருகின்றன. முத்திரைக்கும் நொத்தாரிசுக்கும் கொடுத்த காசை ஆறு இலட்சத்தில்தான் கழித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டின் பெறுமதி அந்த நேரத்திலேயே நாற்பது இலட்சத்துக்கு மேல் என்கிறீர்கள். அதற்கு உங்கள் வாய்ப்பேச்சு போதாது, தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் 2021 ஆம் ஆண்டுப் பெறுமதியை எழுத்தில் தரவேண்டும். உண்மையான பெறுமதியின் அரைவாசிக்கும் குறைந்த விலையில் எழுதப்பட்ட விற்பனையைத் தள்ளிவைக்கும்படி நம்முடைய நாட்டின் பொதுச் சட்டமான உரோம ஒல்லாந்துச் சட்டத்தின் கீழ் தனியாகவும் கேட்கலாம். அந்த அறிக்கை அதற்கும் உதவும்.

எல்லாவற்றிலும் பெறுமதியானது மாதாமாதம் கட்டின காசை எழுதி வைத்த அந்தக் கொப்பி. அதில் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் கணக்குக் கொப்பி, சதுரக் கோடு போட்டது. இடது பக்கம் திகதி, நடுவில் 18,000, வலது பக்கம் காசை வாங்கியவரின் சின்னக் கையெழுத்து. ஆறு இலட்சத்துக்கு மாதம் மூன்று வீதம் என்றால் சரியாகப் பதினெட்டாயிரம்தான் வரும். வீட்டை விலைக்கு வாங்கியவர் விற்றவரிடம் மாதாமாதம் எதற்காகப் பதினெட்டாயிரம் வாங்குகிறார்? அவர் நீதிமன்றத்தில் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. வாடகை என்று சொல்லிப் பார்ப்பார். அப்படியானால் வாடகை ஒப்பந்தம் எங்கே, தொகை ஏன் முதலின் மூன்று வீதத்தோடு சதத்துக்குச் சதம் ஒத்துப்போகிறது என்று உங்கள் சட்டத்தரணி கேட்பார். முப்பத்தொரு தடவை கட்டியிருக்கிறீர்கள். ஐந்து இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் ரூபா. இதற்குப் பிறகு அந்தக் கொப்பியை யாரிடமும் கொடுக்கவேண்டாம், கணக்குப் பார்த்துத் தருகிறேன் என்று அவரே வந்து கேட்டாலும் கொடுக்கவேண்டாம். எத்தனையோ குடும்பத்தில் கொப்பி அப்படித்தான் காணாமல் போயிருக்கிறது.

இந்த வழக்கு கட்டாயம் வெல்லும் என்று நான் சொல்லமாட்டேன். எழுதின உறுதி அவர் பக்கம் இருக்கிறது, நிரூபிக்கும் பாரம் அம்மாவின் தலையில். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். ஆனாலும் இவ்வளவு கைவசம் உள்ள ஒருவர் பயந்து வீட்டை விட்டு இறங்கினால் எனக்கு உண்மையாகவே மனம் நோகும். அம்மா வீட்டிலேயே இருக்கவேண்டும். மகளோடு போய் ஒரு மாதம் நிற்கிறேன் என்று கதவைப் பூட்டிவிட்டு வரவும் கூடாது. அவர் வீட்டில் இருப்பதே இப்போது பெரிய சாட்சி.

அவசரம் எதற்கென்றால், கடன் கொடுத்தவர் இந்த வீட்டை மூன்றாம் ஆள் ஒருவருக்கு விற்றுவிடலாம். ஒன்றும் தெரியாமல், நல்லெண்ணத்தில், காசு கொடுத்து வாங்கியவரைச் சட்டம் பாதுகாக்கும். பிறகு உங்கள் 83 ஆவது பிரிவு அவருக்கு எதிராக எடுபடாமல் போகலாம். ஆகவே மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் அந்த வளவின் பதிவேட்டுப் பக்கத்துக்கு எதிராக ஒரு ஆட்சேப அறிவித்தல் பதிந்து வையுங்கள். யாராவது புதிய உறுதியைப் பதிய வந்தால் உங்களுக்குத் தெரியவரும். வழக்குத் தாக்கல் செய்ததும் அந்த வழக்கையும் அதே பக்கத்தில் பதியவேண்டும். அதற்குப் பிறகு வாங்குகிறவர் எனக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. வந்திருக்கும் சட்டத்தரணியின் கடிதத்துக்குப் பதில் அனுப்பாமல் விடவும் கூடாது. இது கடன், விற்பனை அல்ல, முதலையும் நியாயமான வட்டியையும் கட்டி மீள எழுதி வாங்கத் தயார் என்று உங்கள் சட்டத்தரணி எழுதட்டும். சிலர் அந்தக் கடிதத்தோடேயே பேச்சுக்கு வந்துவிடுவார்கள். பேசித் தீர்ந்தாலும் காசைக் கொடுப்பதும் மீள்விற்பனை உறுதியில் கையெழுத்து விழுவதும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் நடக்கவேண்டும்.

இதில் ஒரு திருத்தம். தேசவழமை என்று எழுதியிருக்கிறீர்கள். தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது, மட்டக்களப்புத் தமிழருக்கு அல்ல. இங்கே முன்பு முக்குவர் வழமை என்று ஒன்று இருந்தது, தாய்வழியாகச் சொத்துப் போவது. நீதிமன்றத்தில் அது வழக்கொழிந்து நீண்ட காலம். பழக்கம் மட்டும் நம்மிடம் நிற்கிறது. பெண்பிள்ளை பிறந்த நாளில் இருந்து தகப்பன் கல் அரிந்து வைப்பதும், மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், தாயின் வீட்டுக்குப் பக்கத்திலேயே மகளுக்கு வீடு எழும்புவதும் இன்றைக்கும் நடக்கிறது. நல்ல பழக்கம்தான், நான் அதை மதிக்கிறேன். ஆனால் உறுதி எழுதாத சீதனம் சட்டத்தில் சீதனம் ஆகாது. அந்த வீடு அம்மாவின் பெயரில் இருந்ததால் அது அம்மாவினுடையது மட்டும். வழக்குப் போடவேண்டியவரும் அம்மாதான், நீங்கள் அல்ல. நாளைக்கு அம்மா ஒன்றும் எழுதாமல் கண்மூடினால் உங்கள் அண்ணன், தம்பிக்கும் சமபங்கு உண்டு. வீடு மீண்டு வந்த பிறகு, அம்மா தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். சாகும்வரை வீட்டில் இருக்கும் உரிமை அவருக்கு, அதற்குப் பிறகு முழுவதும் உங்களுக்கு. அந்த உறுதியில் நீங்கள் நன்கொடையை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்கவும் வேண்டும்.

இனிக் கல்முனைப் பக்கத்து வீடு. வாங்கவேண்டாம். இந்த முறையில் வாங்கவேண்டாம் என்று சொல்கிறேன்.

பெர்மிட் என்பது உறுதி அல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் ஒருவரைத் தன் காணியில் குடியிருக்க விடுகிற அனுமதிப்பத்திரம் அது. அவர் அதைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அனுமதி இல்லாமல் எழுதினது செல்லாது. அதனால்தான் அவர் அறுதி எழுதாமல் அட்டோர்னித் தத்துவம் தருகிறேன் என்கிறார். அட்டோர்னி என்பது அவருக்காக நீங்கள் ஒரு வேலையைச் செய்ய அவர் தரும் அதிகாரம். அவர் நினைத்தால் நாளைக்கே இரத்துச் செய்யலாம். அவர் இறந்தால் அன்றைக்கே அது முடிந்துவிடும். அடுத்த நாள் அவருடைய மனைவியோ பெர்மிட்டில் பதிந்த பின்னுரித்தாளரோ வந்து வாசலில் நின்றால், நாற்பது இலட்சத்துக்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. பெர்மிட்காரர் அங்கே குடியிருக்கவில்லை என்று பிரதேச செயலகம் பெர்மிட்டை இரத்துச் செய்யவும் வழி இருக்கிறது.

அரசாங்கம் காணியை எழுதிக் கொடுக்கும் ஜெயபூமி, சுவர்ணபூமி அளிப்பு என்றாலும் இதே கவனம் தேவை. அளிப்புப் பத்திரத்தில் சிங்க முத்திரையும் ஜனாதிபதியின் கையெழுத்தும் இருப்பதைப் பார்த்து அது முழு உறுதி என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் உள்ள நிபந்தனைகளை வாசிக்கவேண்டும், கைமாற்றப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் சிலவற்றுக்கு அந்தப் பத்திரம்கூடக் கிடைக்கவில்லை. சாவியும் ஒரு கடிதமும்தான் இருக்கும். நீங்கள் பார்த்த வீடு அந்த வகையா என்று கேட்டுப் பாருங்கள்.

உறுதிக் காணி ஒன்று கிடைத்தால் செய்யவேண்டியது வேறு. அந்தக் காணிக்கு உரிய பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்குப் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். பெரிய, மடங்கின, ஓரம் கிழிந்த பக்கங்கள். அதில் ஒவ்வொரு உறுதியும் ஒரு வரி. ஈடு இருந்தால் அங்கே தெரியும், வழக்கு இருந்தால் தெரியும். விற்பவர் உறுதி தொலைந்துவிட்டது என்றால் பயப்படத் தேவையில்லை. நம்முடைய பக்கத்தில் யுத்தமும் 2004 டிசம்பர் கடலும் எத்தனையோ உறுதிகளைக் கொண்டு போய்விட்டன. நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்து இன்னொன்றைப் பதிவகத்துக்கு அனுப்புவார், அங்கே அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். ஆனால் தொலைந்தது என்று சொல்லும் உறுதி உண்மையில் யாரிடமாவது கடனுக்குக் கிடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

செலவுக் கணக்கையும் இப்போதே போடுங்கள். மாகாண முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நான்கு வீதம். நாற்பது இலட்சத்துக்கு 1,59,000 ரூபா வருகிறது. நொத்தாரிசின் கட்டணமும் சர்வேயர் செலவும் வேறு. தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம் என்று விற்பவர் சொன்னால் சம்மதிக்கவேண்டாம். குறைந்த விலை போட்ட உறுதி பிறகு என்ன பாடு படுத்தும் என்பதை மேலே பார்த்தோம். உறுதி முடிந்ததும் உடனே பதியச் சொல்லுங்கள். ஒரே ஆள் ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், மோசடி எதுவும் செய்யாமல் முதலில் பதிந்தவரின் உறுதிதான் நிற்கும். வங்கிக் கடன் எடுக்கும் யோசனை இருந்தால், அந்தக் காணியை ஈடாக எடுப்பார்களா என்று வங்கியில் முதலே கேளுங்கள். வங்கி தொட மறுக்கிற காணியில் உங்கள் கணவரின் கட்டார் உழைப்பைப் போடவேண்டாம்.

கடைசியாக, இப்போது இருக்கும் வீடு. இரண்டு வருட ஒப்பந்தம் என்று வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதாவிட்டால் அந்தக் காலத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. 1840 ஆம் ஆண்டில் இருந்தே சட்டம் அப்படித்தான். உங்களுடையது மாத வாடகை. அதை முடிக்க வீட்டுக்காரர் ஒரு முழுக் கலண்டர் மாத அறிவித்தல் தரவேண்டும். வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டா என்பது வீட்டின் ஆண்டுப் பெறுமதியையும் எப்போது வாடகைக்கு விட்டார் என்பதையும் பொறுத்தது, அதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

எது எப்படி இருந்தாலும் அவர் தானாகக் கரண்டை வெட்டவோ பூட்டை மாற்றவோ முடியாது. நீதிமன்றக் கட்டளையோடு நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் வந்துதான் ஒருவரை வீட்டில் இருந்து இறக்கலாம். பலவந்தமாக இறக்கினால் உடனே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பித்தால் நீதிமன்றம் உங்களை மீண்டும் வீட்டில் இருத்தலாம். இறக்கப்பட்ட நாளில் இருந்து இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறேன். அவர் மகளுக்குக் கலியாணம் என்கிறார். உங்கள் அம்மாவின் வீடு உங்களுக்கு எப்படியோ, அந்த வீடு அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். அவரோடு நீதிமன்றத்துக்குப் போகவேண்டாம். சொந்தக்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய், பிள்ளைகளின் தவணை முடியும்வரை மூன்று மாதம் கேளுங்கள். தருவார் என்று நினைக்கிறேன். அதை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை வாடகையை அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். அட்வான்ஸ் கொடுத்ததற்கு அந்த வெள்ளைத் தாள் நல்ல சாட்சி, அதைப் பத்திரமாக வையுங்கள். சாவியை நீங்கள் கொடுக்கும் அதே நேரத்தில் இரண்டு இலட்சமும் உங்கள் கைக்கு வரவேண்டும். சுவரில் ஆணி அடித்த ஓட்டை, கழன்ற குழாய் எல்லாவற்றையும் சாமான் ஏற்றுவதற்கு முதலே போட்டோ எடுத்துவிடுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லை என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்களே வழக்குப் பேசுவார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே போங்கள். போகும்போது உறுதிப் பிரதி, வந்த கடிதம், அது வந்த உறை, 2021 இல் இருந்து உள்ள கரண்ட் பில்கள், வரி ரசீதுகள், அப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஆஸ்பத்திரித் திகதியும் உறுதித் திகதியும் கிட்டக் கிட்ட இருந்தால் அதுவும் ஒரு சூழ்நிலைதான். கொப்பியை மட்டும் முதலில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, கணவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு கொண்டு போங்கள்.